அமானுல்லா பாயின் இரண்டு விரல்கள்

தகடு வெட்டும் பிரஸ் ஓடும் நேரத்தில் கைப்பேசி அடித்தால் எங்கள் பட்டறையில் யாருக்கும் கேட்காது. பத்து மணி டீக்கு மெஷின்களை நிறுத்தியபோதுதான் ஏழு அழைப்புகள் வந்திருந்ததைப் பார்த்தேன். ஏழும் திருக்கனூரில் இருந்து, அமானுல்லா பாயின் மருமகன் அழைத்தவை. காலைத் தொழுகை முடித்து வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். முதலாளியிடம் போய் நின்றேன். "போயேன், யாரு வேணான்னா? கையில இருக்கற லாட்ட மட்டும் முடிச்சி அனுப்பிட்டுப் போ" என்றார். லாட்டை முடித்து, வண்டியில் ஏற்றி, வில்லியனூரில் பேருந்து பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து கபரஸ்தானிலிருந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு கைப்பிடி மண் போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே, ஐந்து பிரஸ்களோடு நிற்கும் தகரக் கொட்டகைதான் எங்கள் பட்டறை. தகட்டை வெட்டி வளைத்துக் கதவுக் கீல் செய்கிறோம். இரண்டு வருடம் முன்பு வரை பாய்தான் அங்கே மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர். காலையில் கரண்ட் போடும் முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகச் சுற்றி வருவார். எண்ணெய் சிந்திய இடத்தில் மரத்தூளைக் கொட்டுவார். ஒயர் தோல் உரிந்திருந்தால் அன்று அந்த மெஷின் ஓடாது. யாராவது அவசரப்பட்டால், "இன்னாடா அவசரம்? வெரல இன்னா வாடகைக்கா எடுத்துக்கினு வந்த?" என்பார். நாங்கள் சிரிப்போம். சிரித்துக்கொண்டே அவசரப்படுவோம்.

பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல்கட்டை இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. செல்லிப்பட்டிலிருந்து வரும் செல்வி, ஒரு பட்டனைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தாள். பாய் பார்த்துவிட்டார். இன்றைக்கு இவளுக்குச் சரியான டோஸ் என்று நான் காத்திருந்தேன். "ஏம்மா இப்படி?" என்று மட்டும் கேட்டார். "ரெண்டு கையாலயும் அமுக்கினா தகட்ட எவன் பாய் புடிக்கறது? சாஞ்சி சாஞ்சி வுழுது" என்றாள். மறுநாள் பாய் தகடு சாயாமல் நிற்க இரும்புப் பட்டையில் ஒரு தாங்கி செய்து கொண்டுவந்து பொருத்தினார். டியூபை அவளே அவிழ்த்துப் போட்டாள். "அவ மேல இன்னாடா தப்பு? மூணு கை வேலைய ரெண்டு கைக்குக் குடுத்துட்டு, ஏன் கட்டினன்னு கேட்டா?" என்று என்னிடம் சொன்னார். ஆளைத் திட்டுவது சுலபம், காரணத்தைத் தேடுவதுதான் வேலை என்று நினைத்த மனிதர் அவர்.

இனி எழுதப்போவதுதான் எனக்குச் சிரமம். அவருடைய வலது கையில் இரண்டு விரல் இல்லை. அது எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பதினோரு வருடம் முன்பு, ஆயுத பூஜைக்காக வழக்கம்போல எல்லா பிரஸ்ஸிலும் முன்புறத் தடுப்பு வலையைக் கழற்றினோம். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரியோடு சேர்த்து மூலையில் அடுக்கினோம். விடுமுறை கழிந்து மெஷினைத் தொடும்போது முதல் அடி எலுமிச்சம்பழத்துக்கு. பழத்தை உள்ளே வைக்க வலை இடைஞ்சல் என்பதால், அடி விழுந்த பிறகுதான் மாட்டுவோம். மாட்டுவோம் என்று பேர்தானே தவிர, ஆர்டர் தலைக்கு மேல் நிற்க, வலைகள் சந்தனப் பொட்டோடு மூலையிலேயே கிடக்கும். ஒவ்வொரு வருடமும் பாய் ஒருவர்தான் ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுவார்.

அன்றும் மூன்றாம் நம்பரில் வலை மாட்டப் போனார். அதில் கிளட்ச் வேறு நழுவி, பட்டனைத் தொடாமலே சில நேரம் மேல்கட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பியூஸ் கட்டையைப் பிடுங்கி, எப்போதும்போல் போர்டு மேல் வைத்துவிட்டு உள்ளே கையை விட்டிருந்தார். மெஷினின் மறுபக்கம் குனிந்திருந்ததால் நான் இருந்த இடத்திலிருந்து ஆள் தெரியவில்லை. முதலாளி போனில், "மூணு ஏன் இன்னும் ஓடல?" என்று கத்தினார். வேலை முடித்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, எழுந்து போய்ப் பார்க்கவில்லை, ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. பியூஸைப் போட்டு மோட்டார் சுவிட்சைத் தட்டினேன். மேல்கட்டை ஒரு முறை இறங்கியது.

ஆட்டோவில் என் மடியில்தான் அவர் கை இருந்தது. துண்டு முழுக்க ரத்தம். அந்த வலியிலும், "வாயத் தொறக்காத வேலு. ஒன் ஊட்ல கைக்கொழந்த இருக்குது" என்றார். ஆஸ்பத்திரியில் முதலாளி வந்து கேட்டபோது, "நாந்தான் பியூஸப் போட்டுட்டு மறந்து கைய வுட்டேன்" என்றார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

திரும்பி வந்த பிறகு பியூஸ் கட்டையை போர்டு மேல் வைக்கும் வழக்கத்தை விட்டார். பிடுங்கியதும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "போர்டு மேல இருந்தா எவன் வேணா எடுத்துப் போடுவான். அங்க வெச்சது என் தப்பு" என்று என்னிடமே சொன்னார். ஆனால் பட்டறையில் அவர் பேச்சுக்கு மரியாதை குறைந்துபோனது. வலையை மாட்டு என்றால், "ஊருக்கெல்லாம் சொல்லுவாரு, தன் கைய வுட்டுட்டாரு" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். கவனத்துக்குப் பேர்போன மனிதருக்கு அதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்கிறது? அடுத்த வருடம் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சொன்னால் வேலை போகும், குடும்பம் என்னாகும் என்று முதலில் வாயை மூடினேன். பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று மூடினேன். வருடம் ஏற ஏறத் திறக்க முடியாமல் போனது. விரல் போனது அவருக்கு. மாட்டிக்கொண்டது நான்.

அவர் இறந்த மறுநாள் பட்டறையில் இரண்டு நிமிடம் மௌனம். முடிந்ததும் முதலாளி பேசினார்: "நல்ல மனுஷன். ஆனா ஒரு நாள் கவனம் தப்பிடுச்சி, ரெண்டு வெரலு போச்சி. அதப் பாத்து எல்லாரும் கத்துக்கணும்." புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தலையாட்டினார்கள். நானும் சேர்ந்து தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் திருக்கனூர் போனேன். அவர் மனைவி இத்தாவில் இருக்கிறார். கணவர் போன பின் வெளி ஆண்கள் முன் வராத காலம் என்பதால், திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசினார். முகம் தெரியாத அந்தத் திரையைப் பார்த்து, "அக்கா, அன்னிக்குப் பியூஸப் போட்டது நான்" என்றேன்.

"தெரியும் தம்பி. கட்டு போட்டுக்கினு வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏங்க்கா என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"கேக்கக் கூடாது, அவனே வந்து சொல்லுவான்னாரு. பெருநாளுக்குப் பெருநாள் சாப்புட வருவியே, நீ அந்தாண்ட போனதும் 'இன்னிக்கும் சொல்லல'ன்னுவாரு. அவ்ளோதான், வேற ஒண்ணும் சொல்லமாட்டாரு."

அவரை அறிந்தவர்களே, அமானுல்லா பாய் ஒரு நாளும் கவனம் தப்பியவர் அல்ல. பியூஸைப் போட்டவன் நான். நாளைக் காலை கரண்ட் போடும் முன் முதலாளி முன்னாலும் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, அவர் ஒரு முறைகூட என் முகத்துக்கு நேரே சொல்லாத அந்த இரண்டு வார்த்தைதான். இன்றைக்குச் சொல்லிவிட்டேன், பாய். பதினோரு வருடம் காத்திருந்தவர் இன்னும் நாலு நாள் உயிரோடு காத்திருந்திருக்கக் கூடாதா என்று யாரிடம் போய்க் கேட்பேன்?