காலி என்று சொன்ன வீடு

வீடு மாறுகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. கோடையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்று பார், சமையலறையில் புகை போக வழி இருக்கிறதா என்று பார், அக்கம்பக்கம் எப்படி என்று விசாரி என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியதை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருக்கிறவர்கள் காலி செய்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார் என்று நம்பக் கூடாது. நாமே போய்க் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் போனதற்குக் கடி வாங்கினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பல்லால் கடித்த கடி.

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீட்டுக்கு. மூன்று மருமகள்கள், ஒரே சமையலறை. மாமியாருக்கு வாயைவிடக் கை நீளம். மூத்த மருமகள்கள் இரண்டு பேரும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். எனக்கு அந்தப் பொறுமை பிறவியிலேயே இல்லை. ஒரு நாள் மோர் தீர்ந்துபோனதற்கு அடுப்பிலிருந்த இடுக்கியை எடுத்து என் தோளில் வைத்தாள். நான் அதைப் பிடுங்கிக் கிணற்றில் வீசினேன். அப்புறம் அவள் தலைமயிரைப் பிடித்து அதே கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கொழுந்தன் ஓடிவந்து விலக்காவிட்டால் என்ன நடந்திருக்குமோ, எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகுதான் என் கணவர் வீடு தேடினார். அவருக்குத் திருச்சியில் பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரு வீடு காலி என்று கேள்விப்பட்டு, அதன் சொந்தக்காரரைப் போய்ப் பார்த்தார். மனுஷர் நல்ல மரியாதை. நெற்றியில் விபூதி, தோளில் சலவைத் துண்டு. "உள்ளே சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டிருக்காங்க தம்பி, ஒரே களேபரம். வெளியில இருந்து பாத்துக்குங்க. நீங்க வரும்போது பளிச்சுன்னு இருக்கும்" என்றாராம். இவரும் தெருவில் நின்று ஓட்டையும் கதவையும் பார்த்துவிட்டு அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்தார். துணியைக் கிழிக்கும் முன்பு நாலு தடவை அளக்கிற மனிதர் அவர்.

நாள் குறித்துக் கொடுத்ததும் சொந்தக்காரர்தான். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம், ஒரு புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறக்கும் முன்பு பால் காய்ச்சிவிட வேண்டும். அதை விட்டால் ஆடி. ஆடியில் எவர் வீடு மாறுவார்?

புறப்படும்போது மாமியார் வாசலில் நின்றாள். "காவேரிப் பாலத்தைத் தாண்டிட்டா இந்த வீட்டுக்கும் உனக்கும் ஒண்ணும் கிடையாது. திரும்பி வந்தேன்னா கொல்லைப்புறமா வா. வந்து என் கால்ல விழு. அப்புறம் நான் சொன்னபடி கிட" என்றாள். மாட்டு வண்டி பாலத்தில் ஏறியதும் மடியிலிருந்த பால் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செத்தாலும் திரும்பிப் போவதில்லை என்று அப்போதே முடிவு கட்டினேன்.

சந்துக்குள் வண்டி நுழைய இடமில்லை. முனையிலேயே சாமான்களை இறக்கிப் போட்டுவிட்டு வண்டிக்காரர் திரும்பிவிட்டார். அவருக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு வீடு மாற்ற வேண்டியிருந்தது. கடைசி முகூர்த்தம் எல்லோருக்கும்தானே. ஆட்டுக்கல், டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள் எல்லாம் தெருவில் கிடந்தன. நான் ஒரு கையில் உப்பும் மஞ்சளும் வைத்த தட்டு, இன்னொரு கையில் பால் செம்போடு வாசலுக்குப் போனேன். உள்ளேயிருந்து கடுகு தாளிக்கிற வாசனை வந்தது. சுண்ணாம்பு அடிக்கிற வீட்டில் எவர் தாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டே வலது காலை நிலைப்படிமேல் தூக்கினேன்.

கதவு திறந்தது. கையில் கரண்டியோடு ஒருத்தி நின்றாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அவள் சேலையைப் பிடித்தபடி இரண்டு குழந்தைகள். என் தட்டைப் பார்த்தாள். செம்பைப் பார்த்தாள். தூக்கிய காலைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்குத்தான் விளங்கவில்லை.

"யாரைக் கேட்டுடி உள்ளே வர்றே?"

"இது எங்க வீடு. அட்வான்ஸ் கொடுத்திருக்கோம்."

"நாங்க குடியிருக்கிற வீடுடி இது! அந்தப் பாவி காலி பண்ணு, காலி பண்ணுன்னு ஆறு மாசமா உசிரை எடுக்கறான். கோர்ட்டுக்குப் போனா நடக்காதுன்னு உன்னை அனுப்பிச்சானா?"

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்து என்ன செய்ய? முதுகுக்குப் பின்னால் காவேரிப் பாலமும் அதற்கு அப்பால் மாமியாரின் இடுக்கியும்தான் எனக்கு இருந்தன. தூக்கிய காலை உள்ளே வைத்தேன்.

அவள் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். தட்டு பறந்தது. உப்பு நிலைப்படியெல்லாம் சிதறியது. நான் அவள் கொண்டையைப் பிடித்தேன். கரண்டியால் என் காதோரம் ஓங்கி ஒன்று போட்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் பிடியை விடவில்லை. அவள் குனிந்து என் முழங்கைக்குக் கீழே பல்லைப் பதித்தாள். எலும்பு வரை இறங்கியது. செம்பு கீழே விழுந்து, பால் இரண்டு பேர் காலிலும் ஓடி வாசல் கோலத்தை அழித்தது.

சத்தம் கேட்டு அவள் புருஷன் எழுந்து வந்தான். அச்சாபீஸில் ராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவன். வந்த வேகத்தில், எனக்குப் பின்னால் நின்ற என் கணவரை அறைந்தான். ஒரு எறும்பைக்கூட மிதிக்காதவர் என்று கடை வீதியே சொல்லும் என் கணவர், கீழே கிடந்த செம்பை எடுத்து அவன் நெற்றியில் அடித்தார். ஒரு அடிதான். நெற்றி பிளந்து, மூக்கு வழியாக ரத்தம் இறங்கி, நிலைப்படியில் சொட்டியது. குழந்தைகள் வீறிட்டன. சந்து முழுக்க ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தரும் கிட்டே வரவில்லை.

அப்போதுதான் சொந்தக்காரர் வந்தார். சலவைத் துண்டு கலையாமல், மெல்ல நடந்து வந்தார். நிலைப்படியைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"அடடா, வாசல்படியில ரத்தம் சிந்திடுச்சேம்மா. இனிமே இந்த வீட்டில நீங்க இருந்தா குடும்பத்துக்கு ஆகாது. ரெண்டு பச்சைப் பிள்ளைங்களை வெச்சிருக்கீங்க" என்று அவளிடம் சொன்னார்.

அவளுடைய முகம் அப்படியே செத்துப்போனது. இவ்வளவு நேரம் புலியாக நின்றவள், பிள்ளைகள் என்றதும் கையைத் தொங்கப் போட்டாள். புருஷனைப் பார்த்தாள். அவன் துண்டால் நெற்றியைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மதியத்துக்குள் அவர்கள் சாமான்களைக் கட்டினார்கள்.

சொந்தக்காரர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ரத்தம் ஒண்ணுமில்லேம்மா. நாலு குடம் தண்ணி ஊத்திக் கழுவி மஞ்சத் தண்ணி தெளிச்சாப் போச்சு. கையில அந்தக் கடிக்கும் மஞ்சள் வெச்சுக் கட்டிக்க."

போகும் முன்பு அவள் சமையலறைக்குள் போனாள். உலக்கையை எடுத்து மண் அடுப்பின் மேல் போட்டாள். பாத்திரம் தாங்கும் மூன்று குமிழும் உடைந்து, உள்ளே இருந்த தணல் தரையெல்லாம் சிதறியது.

"என் கையால போட்ட அடுப்பு. உனக்கு விட்டுட்டுப் போக மாட்டேன்" என்றாள். "ஒரு நாள் நீயும் இப்படித்தான் உடைச்சுட்டுப் போவே." பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காறித் துப்பியிருப்பாள்.

சாயங்காலம் மஞ்சள் அரைத்துக் கையில் பூசும்போதுதான் எனக்கு உறைத்தது. சொந்தக்காரர் வருவதற்கு முன்பே நான் கடிபட்ட கையை முந்தானைக்குள் மூடிக்கொண்டுவிட்டேன். கடித்தது அவருக்கு எப்படித் தெரியும்? வாசலில் வந்து நின்று பார்த்தேன். நேர் எதிரே ஒரு காபி கிளப். அதன் முன் பெஞ்சில் உட்கார்ந்தால் எங்கள் நிலைப்படி நன்றாகத் தெரியும். கோழிச்சண்டைக்கு இரண்டு சேவலைக் கொண்டுவந்து விட்டதுபோல எங்களை விட்டுவிட்டு, மனுஷர் காபி குடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். அந்தப் புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்ததும் அதற்குத்தான். முகூர்த்தம் தவறும், ஆடி பிறக்கும் என்ற பயத்தில் நாங்கள் பின்வாங்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்தது. அந்த வீட்டில் எனக்குப் பால் பொங்கவே இல்லை.

ஆனாலும் இருந்தேன். புது மண் குழைத்து அடுப்புப் போட்டேன். ஒரு பிள்ளையும் பிறந்தது. பிள்ளை தவழத் தொடங்கிய சமயத்தில் சொந்தக்காரர் ஒரு நாள் வந்து, வீட்டைக் காலி செய்து தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். என் கணவர் முடியாது என்றார். சொந்தக்காரர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். அடுத்து வருவது மார்கழி. மார்கழியிலும் எவரும் வீடு மாற மாட்டார்கள்.

"கார்த்திகை கடைசி முகூர்த்தத்தன்னைக்கு லீவு போடுங்க" என்று கணவரிடம் சொன்னேன்.

"உனக்கு எப்பப் பாத்தாலும் சண்டை ஞாபகம்தான்" என்று சொல்லிவிட்டு அந்த முகூர்த்தத்தன்றைக்கும் கடைக்குப் போனார்.

நான் வாசல் கதவைத் திறந்து வைத்து, உலக்கையைப் பக்கத்தில் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். சந்து முனையில் வண்டி வந்து நின்றது. டிரங்குப் பெட்டி இறங்கியது. மணப்பாறைப் பக்கத்துப் பெண். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. கையில் உப்பு, மஞ்சள், பால் செம்பு. பின்னால் மீசை சரியாக முளைக்காத புருஷன். அவள் வந்து வலது காலைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். காலை இறக்கவும் தெரியாமல், வைக்கவும் தெரியாமல் அப்படியே நின்றாள்.

என் கை உலக்கைக்குப் போய்விட்டது. பொய் சொல்ல மாட்டேன். ஒரே அடியில் அந்தக் காலை உடைத்திருப்பேன். ஆனால் அந்தக் கால் இன்னும் அந்தரத்திலேயே நின்றது. அவளுக்குப் பின்னால் இருக்கிற பாலம் எதுவோ, அங்கே இடுக்கியை வைத்துக்கொண்டு காத்திருப்பவள் எவளோ என்று தோன்றிவிட்டது.

"வீடு காலின்னு சொன்னாங்களே, அக்கா" என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. உள்ளே வா."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் உலக்கையைக் கீழே போட்டேன். அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், என் அடுப்பில் அவள் பாலை வைத்தேன். அடுப்பு எரிகிறபோதே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. "நல்ல சகுனம்" என்று மட்டும் சொன்னாள்.

"முதல் டம்ளர் வீட்டுச் சொந்தக்காரருக்கு" என்றேன். பிடிதுணியைப் போட்டுப் பாத்திரத்தை அப்படியே தூக்கினேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

காபி கிளப்பின் முன் பெஞ்சில் அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சண்டைச் சத்தம் இன்னும் ஏன் வரவில்லை என்று காத்திருந்தார்போல. எங்கள் நிழல் விழுந்ததும் பேப்பரை இறக்கினார்.

"பால் காய்ச்சியாச்சுங்க" என்றேன்.

"அப்படியா, சந்தோஷம்மா" என்று டம்ளருக்குக் கையை நீட்டினார். நான் பாத்திரத்தை அவர் மடியில் கவிழ்த்தேன். பாதிதான் கவிழ்த்தேன். மிச்சம் பாதியை, டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, என் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கி அந்தப் பெண் ஊற்றினாள்.

அவர் போட்ட அலறல் கடை வீதி வரைக்கும் கேட்டதாக என் கணவர் சொன்னார். காபி கொட்டிவிட்டது என்று சொந்தக்காரர் ஊரில் சொல்லிக்கொண்டார். வேறு என்ன சொல்ல முடியும்? அதற்கப்புறம் அந்தச் சந்துப் பக்கமே வரவில்லை. நாங்கள் இரண்டு குடும்பமும் நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தோம்.

அன்று சாயங்காலம் இரண்டு பேர் விரலும் தெறித்த பாலிலும் பாத்திரச் சூட்டிலும் கொப்பளித்திருந்தது. மஞ்சள் அரைத்து ஒருத்திக்கொருத்தி பூசிக்கொண்டோம். குடிக்கத்தான் ஒரு சொட்டுப் பால் மிச்சமில்லை.

"அக்கா, எனக்கு முன்னாடி நீங்க. உங்களுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தா?" என்று அவள் கேட்டாள்.

பேர்கூட எனக்குத் தெரியாது. ஜாக்கெட் கையை மேலே ஏற்றி, முழங்கைக்குக் கீழே இருந்த பல் தடத்தைக் காட்டினேன்.

"இவ" என்றேன்.