ஒத்துக்காரர் சொன்ன சாட்சி

எதிரே கோர்ட், இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ் கடை. எந்தக் குடும்பம் எப்போது இரண்டாகப் போகிறது என்பது ஜட்ஜுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அடுத்தவர் காகிதத்தைப் படிக்கக் கூடாதுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்க முடியுமா?

அப்படி வந்ததுதான் பாடகரின் உயில். கையோடு கொண்டு வந்தவர் ஒத்துக்காரர். நாற்பது வருஷம் பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து சுருதிப்பெட்டி போட்டவர். ஒத்து என்றால் அதுதான்: ஒரே சுருதி, கச்சேரி முடியும் வரை. பேப்பரில் வந்த பாடகர் படம் எல்லாவற்றிலும் இவருடைய முழங்கை இருக்கும், முகம் ஒன்றில்கூடக் கிடையாது. வெளியாட்கள் யார் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பார். "இன்னைக்கு மழை வரும்போல" என்றால் "ஆமாங்க". பக்கத்துக் கடைக்காரர் "எங்க வருது?" என்றால் அதற்கும் "ஆமாங்க". அதனால் தொழில் பெயரே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

பாடகர் தன் வீட்டின் கீழ்த்தளத்தைப் போக்கிடமில்லாத பக்கவாத்தியக்காரர்கள் எட்டுப் பேருக்கு விட்டிருந்தார். தருமக் கச்சேரிகளில் வந்த பணத்தை ஓர் அறக்கட்டளையில் போட்டு, அதிலிருந்து அவர்களுக்குச் சாப்பாடு, மருந்து. அவர்களை "என் பிள்ளைங்க" என்றுதான் சொல்வார். புல்லாங்குழல்காரர் இவரைவிட நாலு வயது மூத்தவர். பல் ஒன்றுகூட இல்லாத அந்த மனிதரும் பிள்ளைதான். பின்பக்க அறை ஒத்துக்காரருக்கு. இடுப்பெலும்பு உடைந்து படுத்த படுக்கையாகிவிட்ட மனைவியோடு அங்கே இருந்தார்.

உயில் ஒரே வரி. பாடகர் தன் கையால் எழுதியது: வீடும் அறக்கட்டளையும் என் பிள்ளைகளுக்கு.

அவர் செத்த மாதமே மகன் வழக்குப் போட்டார். பிள்ளை என்றால் பெற்ற பிள்ளை, ஊரார் வீட்டுக் கிழவர்கள் எப்படிப் பிள்ளையாவார்கள் என்று கேட்டார். முடிவாகும் வரை அறக்கட்டளைக் கணக்கைத் தொடக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. முதலில் பால் நின்றது. பிறகு, ஒத்துக்காரர் மனைவியைப் புரட்டிப் படுக்கவைக்க வந்த நர்ஸம்மா நின்றார்.

உயில் எழுதும்போது பக்கத்தில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பது ஒத்துக்காரர் மட்டும். அறக்கட்டளை வக்கீல் பத்து நாள் அவரை என் கடை பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"ஐயா, ஒரே பதில்தான். எங்களைத்தான் பிள்ளைங்கன்னு சொன்னாரு. சொல்லுங்க பாப்போம்."

"ஆமாங்க."

"ஆமாங்க இல்லய்யா! முழுசாச் சொல்லுங்க!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வக்கீல் போனபிறகு என்னிடம், "தம்பி, வீடு போச்சுன்னா இலவச முதியோர் இல்லம்தான். ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு. ஊருக்கு அந்தக் கோடில ஒண்ணு, இந்தக் கோடில ஒண்ணு. அவளை யாரு புரட்டிப் படுக்கவைப்பா?" என்றார்.

சாட்சி அன்று கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். நம் வக்கீல் கேட்டபோது பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிட்டார். எனக்கே மூச்சு வந்தது. பிறகு மகனின் வக்கீல் எழுந்தார். மிரட்டுவார் என்று பார்த்தால், தாலாட்டுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"ஐயா, பெத்த மகன் மேல அவரு உசுரையே வெச்சிருந்தாரு இல்லீங்களா?"

"ஆமாங்க."

"மகனையும் பிள்ளைன்னுதான் கூப்பிடுவாரு?"

"ஆமாங்க."

"உயில் எழுதின அன்னைக்கு மகன் வீட்டுக்கு வந்திருந்தாரு?"

"ஆமாங்க."

"அப்ப அவரை மனசுல வெச்சுத்தான் எழுதியிருப்பாரு."

"ஆமாங்க."

நம் வக்கீல் தலையில் கை வைத்தார். ஒத்துக்காரர் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், என்ன சொன்னோம் என்பது மெல்ல மெல்ல உறைக்க. "இல்லீங்க, நான் வந்து..." என்று தொடங்கினார். "போதும், இறங்குங்க" என்றார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னய்யா பண்ணிட்டீங்க?"

"நல்ல குரல் தம்பி அவருக்கு. ஒவ்வொரு தடவையும் சரியா நிறுத்துறாரு. நிறுத்தின இடத்துல சேந்துக்கிட்டேன்."

தீர்ப்பை நான்தான் பிரதி எடுத்தேன். "சாட்சி ஒத்துக்கொண்டார்" என்று ஒரே பக்கத்தில் நாலு இடத்தில் இருந்தது.

அவர் மனைவி திட்டியதைத் தெருவே கேட்டது. "நாப்பத்தாறு வருஷமா நான் எது கேட்டாலும் முடியாது, முடியாதுன்னீங்களே! அதுல ஒண்ணை அங்க கொண்டுபோயிருக்கக் கூடாதா?" அடுத்த வாரம் வேன் வந்து அந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் இவர் ஆண்கள் இல்லத்துக்குப் போனார்.

அப்பீல் போகலாம் என்கிறார் வக்கீல். யார் போவது? எட்டுப் பேரில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து நான்கு வரை பெண்கள் இல்லத்தில் பார்வை நேரம். இரண்டு பஸ் மாறிப் போகிறார். ஆண்கள் வராந்தாவைத் தாண்டக் கூடாது. அந்த அம்மாவால் வராந்தாவுக்கு வர முடியாது.

"அப்புறம் அங்க போய் என்னதான் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"உக்காந்திருப்பேன். அவ இருமறது கேக்கும். எத்தனை பேரு இருமினாலும் அவளோடது எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுக் கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன ஞாயிறு கேக்கல தம்பி. மருந்து மாத்தியிருப்பாங்க போல."

அந்த அளவுக்கு மருந்து கொடுக்கிற இடமில்லை அது. அவருக்கும் தெரியும். இந்த ஞாயிறு நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாம் தம்பி" என்றார்.