இரட்டைக் குழந்தைகளுக்கு இடம் தராத ராமநாதன்

ராமநாதன் இறந்துவிட்டார் என்று, அவரிடம் என்னோடு வேலை பார்த்த மனோகர் தொலைபேசியில் சொன்னபோது, ஆஸ்டின் டவுனில் பல் டாக்டரிடம் என் முறைக்காகக் காத்திருந்தேன். "இரங்கல் கூட்டத்துல நீ நாலு வார்த்தை பேசணும்ப்பா. அவருக்குக் கீழ ரொம்ப நாள் இருந்தவன் நீதானே" என்றான். போனேன், பேசவில்லை. ஒழுங்குக்கு அவர்தான் உதாரணம் என்று ஆளுக்கு ஆள் புகழ்ந்தார்கள். அங்கே சொல்லாததை, அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் அவர்தான் எங்கள் பிரிவின் தலைவர். முதலில் வாடிக்கையாளரின் தேவைகளை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு வடிவமைப்பு, பிறகு புரோகிராம், கடைசியில் சோதனை. முடிந்த கட்டத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. மென்பொருள் உலகில் இந்த முறைக்கே அருவி என்றுதான் பெயர். "அருவி மேல ஏறாது" என்பார், தானே கண்டுபிடித்த உண்மை மாதிரி.

அல்சூர் பக்கம் ஒரு பிரசவ மருத்துவமனைக்குப் பதிவு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். புரோகிராம் பாதி முடிந்திருந்தது. எங்கள் குழுவில் அனலிஸ்டாக இருந்து சோதனையையும் பார்த்துக்கொண்ட ஜெயந்தியின் அக்காவுக்கு அங்கேதான் இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். பார்த்துவிட்டு வந்த ஜெயந்தி நேரே ராமநாதனின் மேஜைமுன் போய் நின்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சார், பேர் வைக்காத குழந்தைய அம்மா பேர்லதான் பதியறோம். ரெட்டைக் குழந்தை பொறந்தா நம்ம சிஸ்டம் ரெண்டையும் ஒண்ணுன்னு எடுத்துக்கும்."

"கையெழுத்தான டாகுமென்ட்ல இது இருக்கா?"

"இல்ல சார். ஆனா குழந்தைங்க பொறக்குதே."

"டாகுமென்ட்ல இல்லாதது நமக்குக் கிடையாதும்மா. போய் வேலையப் பாரு."

மென்பொருள் மருத்துவமனைக்குப் போனது. சீக்கிரமே அங்கே இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒன்றுக்குக் கடுமையான மஞ்சள்காமாலை. கணினியில் இருவரின் ரத்தப் பரிசோதனையும் ஒரே பதிவில் ஏறிவிட, நோயில்லாத குழந்தையை விளக்கொளிச் சிகிச்சைக்குத் தூக்கிப் போனார்கள். ஒரு நர்ஸ் மற்றதன் கண்களில் மஞ்சளைப் பார்த்துக் கூச்சல் போட்டதால் அது பிழைத்தது.

கொதித்துப்போய் வந்த தலைமை டாக்டரிடம், ராமநாதன் ஃபைலைத் திருப்பி அந்தம்மாவின் கையெழுத்தையே காட்டினார். "நீங்க கேக்கல மேடம், நாங்க செய்யல." ஒரு குழந்தை சாக இருந்தது என்பது அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. டாக்டர் எங்கள் மென்பொருளைத் தூக்கி எறிந்தார்.

அதற்கு ஒரு ஆள் பலியாக வேண்டுமே! சோதனையில் தவறைக் கண்டுபிடிக்கவில்லை என்று ஜெயந்தியை வேலையை விட்டு அனுப்பினார் ராமநாதன்.

"அவ முன்னாடியே வந்து சொன்னாளே சார்?" என்றேன்.

"வாயால சொன்னதுக்கெல்லாம் கணக்கு கிடையாது."

இதைத்தான் ஒழுங்கு என்று மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். இது கோழைத்தனம். இஸ்திரி போட்ட சட்டையும் சுத்தமான கையெழுத்தும் அதை மறைத்தன, அவ்வளவுதான். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நான் வேறு நிறுவனத்துக்குப் போனேன்.

இன்று என் குழுவில் யாராவது நடுவழியில் வந்து "இது தப்பாப் போகும் சார்" என்றால், வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். அது ஜெயந்தி தந்தது. ராமநாதனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அவருடைய குரல் மட்டும்: பதறாத, மரியாதையான, ஈரமே இல்லாத குரல். அது என் வாயிலிருந்து ஒருநாளும் வந்துவிடக் கூடாது. அதற்காக மட்டுமே அவரை மறக்காமல் வைத்திருக்கிறேன்.