அத்தானின் ஆயத்தங்கள்

பாடசாலை விட்டு வந்து கதவைத் திறந்தபோது என்னுடைய கதிரையில் ஐந்து கோடாலிப் பிடிகள் கிடந்தன. ஓர்ஸ் ஹில்லில் நான் வாடகைக்கு இருந்த அந்த அறையில் இருந்ததே ஒரேயொரு கதிரை. வீட்டுக்கார அம்மாவிடம் திறப்பு வாங்கிக்கொண்டு உள்ளே வந்திருந்த அத்தான், ஆறாவது பிடியைக் கையில் ஏந்தி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் அதன் நீளத்தைப் பார்த்தபடி யன்னலோரம் நின்றார். பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திவிட்டு வெயிலில் மேடேறி வந்தவள் உட்காரட்டுமே என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. "பிள்ளை, இதை ஒருக்காப் பிடிச்சுப் பாரும். கைக்குள்ள உருளுதோ?" என்றார். பிடித்துப் பார்த்து, "உருளேல்லை அத்தான்" என்றேன். "உருளுது" என்று சொல்லி அதைக் கதவுக்கு வெளியே வைத்தார். பிறகேன் என்னைக் கேட்டார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் தொடங்கி முப்பது வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கயிறும் சங்கிலியும் கப்பியும் கட்டிப் பாரம் தூக்குவதுதான் அவருடைய பகுதி. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமும் அக்கா வீட்டில் திருத்த வேண்டியது, திருத்த வேண்டாதது எல்லாவற்றையும் திருத்தி முடித்திருந்தார். கிணற்றுக் கப்பியை மாத்திரம் மூன்று தடவை கழற்றிப் பூட்டினாராம். அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குக் காணி கிடைத்தது.

சாம்பல்தீவுக்கு அப்பால், நிலாவெளி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு ஏக்கர் பற்றைக்காடு. அரசாங்கம் பேமிற்றில், அதாவது அனுமதிப் பத்திரத்தில், தந்தது. கலியாணம் முடிக்காத ஒருத்தியின் பெயரில் அப்படியொரு துண்டு வந்தது பெரிய விஷயம். பத்து வருடத்தில் ஆறு வாடகை வீடு மாறியவள் நான். ஒரு வீட்டில் ஆணி அடிக்க விடவில்லை, இன்னொரு வீட்டில் ஏழு மணிக்குப் பிறகு குசினிக்குள் போய்ச் சமைக்க விடவில்லை. என் வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கென்று ஓர் இடம். ஆனால் அரசாங்கக் கச்சேரியில் தந்த கடதாசியில் ஒரு நிபந்தனை இருந்தது. மார்கழிக்குள் காடு வெட்டி வேலை தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் பேமிற் ரத்தாகி, பட்டியலில் அடுத்து நிற்கும் ஆளுக்குக் காணி போய்விடும். தனியொரு பெண் கூலியாட்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய் நிற்பதா என்று அக்கா கேட்டாள். "இவர் சும்மாதானே இருக்கிறார், இவர் பார்ப்பார்" என்று அவளே முடிவும் சொல்லிவிட்டாள். அது பங்குனி மாதம். ஆடி வந்தபோது அத்தான் கோடாலிப் பிடி தெரிவுசெய்துகொண்டிருந்தார்.

பிடிக்கு முன்னால் கத்தி. நகரத்து இரும்புக் கடைக்கு நானும் ஒரு சனிக்கிழமை அவரோடு போனேன். இருபது காட்டுக்கத்திகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து நாலைத் தெரிந்தெடுத்து, "மிச்சத்தை நாளைக்கு வந்து பாக்கிறன்" என்றபோது கடைக்காரரின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கத்திக்குப் பிறகு அரம். அரத்துக்குப் பிறகு மண்வெட்டி, அலவாங்கு, பிக்காசு. பிறகு, பழைய துறைமுகச் சாமான் ஏலத்தில் எப்போதோ எடுத்து வைத்திருந்த பெரிய கப்பிகளும் சங்கிலியும் வெளியே வந்தன. அவற்றைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கிறீஸ் பூச இரண்டு கிழமை. கயிற்றை முழம் முழமாக விரலுக்குள் விட்டுப் பார்க்க இன்னொரு கிழமை. இன்றைக்கென்றால் மண் கிண்டுகிற ஒரு பெக்கோ இயந்திரத்தைக் கூப்பிட்டு விட்டால் மத்தியானத்துக்குள் நிலம் வெளித்துவிடும். அப்படி யாராவது சொன்னாலும் அத்தான் முதலில் பெக்கோவின் பற்களைச் சுண்டித்தான் பார்த்திருப்பார். நான் வாய் திறந்தால் அவரிடம் ஒரே பதில்தான். "சாமான் சரியில்லாமல் நான் ஒரு கப்பலிலயும் ஏறினதில்லை, பிள்ளை." இது கப்பல் இல்லை, ஈச்சம் பற்றை என்று எத்தனை தடவைதான் சொல்வது?

பக்கத்துக் காணி கிண்ணியாவைச் சேர்ந்த, எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவருக்குக் கிடைத்திருந்தது. அவர் ஆடி பிறந்ததும் நாலு பேரோடு வந்தார். அவர்களிடம் இருந்தது நாலு கத்தியும் இரண்டு கோடாலியும் ஒரு தீப்பெட்டியும். பத்து நாளில் பற்றையைச் சாய்த்து, ஆவணி வெயிலில் காயவிட்டு, நெருப்பு வைத்துவிட்டுப் போனார். அடிக்கட்டைகளைத் தொடவே இல்லை. அவற்றுக்கு இடையில் மரவள்ளித் தடி நட்டுவிட்டார். காணியைப் பார்க்கப் போன என்னிடம், "என்ன டீச்சர், மச்சான் இன்னமும் சாமான்தான் பாக்குறாரா? மழைக்கு முந்தி நெருப்பு வைக்காட்டி ஒண்டும் நடக்காது. நம்மட ஆக்கள் நிக்கிறாங்க, சொல்லுங்க, பத்து நாளில வெட்டித் தாறன்" என்றார். அன்றைக்கே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அவரை விட்டிட்டு நீ வேற ஆளைப் பிடிச்சால் அவருக்கு என்ன மாதிரி இருக்கும்?" என்றாள். எனக்கு என்ன மாதிரி இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒருவழியாகப் புரட்டாதியில், ஒரு சனிக்கிழமை, வேலை தொடங்கியது. தன்னோடு துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற மூன்று பேரை அத்தான் கூட்டி வந்தார். நாலு பேருமாகச் சேர்ந்து பற்றையில் ஒரு கொப்பு வெட்டவில்லை. காணியின் நடுவில் நின்ற பெரிய வீரை மரத்து அடிக்கட்டையைச் சுற்றி வந்து பார்த்தார்கள். எந்தக் காலத்திலோ யாரோ தறித்துவிட்டுப் போன மரம் அது. கப்பலில் இருக்கிற பாரங்களில் மிகப் பாரமானதை, ஆட்கள் களைக்க முன்னர், முதலில் இறக்குவதுதான் அவர்களுடைய வழக்கமாம். அதனால் இங்கேயும் முதலில் அந்தக் கட்டையை இழுப்பதாம். கப்பிக் கயிற்றின் மறுமுனையைக் கட்ட, எல்லையில் நின்ற வேப்பமரத்தைத் தெரிந்தெடுத்தார்கள். துறைமுகத்தில் இரும்புத் தூணை எங்கே பிடித்துக் கட்டினாலும் அது அசையாது. கல்லுக்குள் இறக்கிய தூண் அல்லவா? அந்த நினைப்பில் அத்தான் சங்கிலியை வேம்பின் அடியில் கட்டாமல், கைக்கு வசதியாக நெஞ்சு உயரத்தில் கட்டினார். நிலமோ கடற்கரை மணல்.

கட்டி முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. என்னைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, "மெல்ல, மெல்ல" என்று அத்தான் குரல் கொடுக்க, மூவரும் இழுத்தார்கள். கயிறு விறைத்து நின்றது. வீரைக் கட்டை அப்படியே இருந்தது. வேப்பமரம் மாத்திரம் எங்களுக்கு வணக்கம் சொல்வதுபோலக் குனிந்தது. அது குனிவதை நான் பார்த்தேன், அத்தான் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திரும்புவதற்குள் வேர் கிளம்பி, மரம் பக்கவாட்டில் சரிந்து, காக்காவின் வேலியையும் ஒரு வரிசை மரவள்ளியையும் அமுக்கிக்கொண்டு விழுந்தது. அதன் அடியில் நில அளவைக்காரர் பூசிவிட்டுப் போன வெள்ளைக் குறி வானத்தைப் பார்த்தது. அது எல்லை மரம்.

எனக்கு வந்த கோபம் அன்று வந்த கோபம் அல்ல, பங்குனியிலிருந்து சேர்ந்த கோபம். அந்த மூன்று பேரும் நிற்கிறார்கள், காக்கா ஓடி வருகிறார், நான் எதையும் யோசிக்கவில்லை. "உங்களுக்கு வேலை இல்லை அத்தான். ஒருத்தருக்கும் உங்களைத் தேவையில்லை. அதுதான் என்ர காணியில வந்து கப்பல் விளையாட்டு விளையாடுறீங்கள்!" என்று கத்தினேன். காக்கா பதறிப்போய், "மரம்தானே டீச்சர், விடுங்க, நான் கொப்ப வெட்டி வேலிக்குப் போட்டுக்குவன்" என்றார். அத்தான் சங்கிலியைக் கழற்றினார். கயிற்றில் ஒட்டிய மணலைத் துணியால் துடைத்து வளையமாகச் சுற்றினார். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் படங்கால் மூடி, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார். அவருடைய சிநேகிதர்கள் என் முகத்தைப் பார்க்காமல் பின்னால் போனார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அந்தக் கிராமத்து விதானையார் ஆள் அனுப்பினார். காணி அதிகாரி வந்து நிற்கிறாராம். பஸ்ஸில் போய் இறங்கி ஓடினேன். வெட்டாத பற்றை, விழுந்த எல்லை மரம், கையில் என் பெயர் போட்ட கடதாசிக் கோவையோடு அதிகாரி. காணி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் நடந்து போய்ப் படங்கைத் தூக்கினார். நாலு கத்தியும் வெளிச்சத்தில் மின்னின. கோடாலிகள், அலவாங்கு, பிக்காசு, கப்பிகள் ஒவ்வொன்றும் எண்ணெய் பூசி, பிடி இறுக்கி, அளவுப்படி கிடந்தன. "ஆர் இதைச் செய்தது?" என்று கேட்டார். "என்ர அத்தான், துறைமுகத்தில இருந்தவர்" என்றேன். "பேமிற் எடுத்துப்போட்டு மண்வெட்டி ஒண்டு கூட வாங்காத ஆக்களைத்தான் இண்டைக்கு முழுக்கப் பாத்தனான். நீங்கள் விளையாட்டுக்கு எடுக்கேல்லை" என்று சொல்லி, கோவையில் ஏதோ எழுதி, அடுத்த ஆவணி வரை தவணை தந்தார். மரத்துக்கு மாத்திரம் ஒரு எச்சரிக்கை. மாரி முடிந்து காக்காவின் ஆட்கள் அதே கத்திகளை எடுத்து ஒரு கிழமையில் காணியை வெளியாக்கினார்கள். "இப்பிடிக் கூரான கத்தி நான் புடிச்சதே இல்ல டீச்சர்" என்றார் காக்கா.

தவணை கிடைத்த அன்று மாலையே அத்தானிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். விஷயத்தைச் சொன்னதும், "நல்லது" என்றார். பிறகு, "படங்கைத் திரும்ப மூடினனீரோ?" என்று கேட்டார். அந்தச் சந்தோஷத்தில் நான் மூடவில்லை. வானம் கறுத்திருந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். ஆறு மைல் இந்தக் காற்றில் போக உங்களுக்கென்ன விசரா என்று நான் கத்த, அவர் தன் பாட்டுக்குப் போக, மன்னிப்புக் கேட்கப் போனவள் சண்டை பிடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் காணியில் ஒரு வேலைக்கும் வரவில்லை. நான் வீடு கட்டிக் குடிபூரல் வைத்தபோது வந்தார், சாப்பிட்டார், போனார்.

மன்னிப்புக் கேட்பதற்கென்று பிறகும் எத்தனையோ நாள் புறப்பட்டேன். எந்தச் சொல்லில் தொடங்குவது, அக்கா இருக்கும்போதா இல்லாதபோதா, அந்த மூன்று சிநேகிதர்களையும் கூப்பிட்டு வைத்தா என்று யோசித்து யோசித்து, ஒன்றும் சரியாகப் படாமல், அவர்கள் வீட்டில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். இப்படியே எட்டு வருடம் போனது. பிறகு ஒரு வைகாசியில் அவருக்கு நெஞ்சு வலி வந்து மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. செத்த வீட்டில் ஆட்கள் குறைந்த பிறகு அக்காவிடம் சொல்லி அழுதேன், நான் அவரிடம் ஒன்று கதைக்க வேண்டும் என்று வந்து வந்து போனேன், கதைக்கவே இல்லை என்று. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது அவருக்குத் தெரியும். நான்கூடக் கேட்டனான், இவள் என்னத்துக்கு வந்து வந்து பேசாமல் போறாள் எண்டு. 'அவளைக் கேளாதை, அவள் ஆயத்தப்படுத்திறாள்' எண்டு சொன்னவர்."