பொங்காலப்பாறையில் பதினொரு நிமிடம்

2025 ஜனவரி 21, செவ்வாய். அதிருமலை முகாமில் 5.40க்கு எழுந்தேன். பாயைச் சுருட்டினேன். ஓடைத் தண்ணீரில் முகம் கழுவியபோது விரல்கள் மரத்துப்போயின. 6.30க்கு உப்புமா, பால் விடாத கட்டன் சாயா. 7.05க்கு மலையேறத் தொடங்கினோம்.

வீட்டிலிருந்து நானும் என் கணவரும்தான். அகத்தியமலைக் காட்டுக்குள் போக வனத்துறை வருடத்தில் சில வாரங்கள் மட்டும் பாஸ் கொடுக்கிறது. இரண்டு வருடம் முயன்று கிடைக்காமல், மூன்றாவது வருடம் கிடைத்தது. உச்சியில் நின்று இந்தப் பக்கம் கேரளத்தையும் அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமையையும் ஒன்றாகப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. என் ஆசை சிறியது. கீழே நகரத்தில், ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தினமும் காலை எட்டரைக்கு வெப்பநிலை குறித்து வருகிறேன். அன்று அந்த எட்டரையை மலையில் குறிக்க நினைத்தேன்.

குழுவில் உடன் வந்த மற்ற எட்டு பேர் இன்னொரு வழிகாட்டியுடன் முன்னால் போய்விட்டார்கள். நடை மெதுவான எங்கள் இருவருக்கும் தனி வழிகாட்டி. இந்தக் காட்டிலேயே பிறந்தவர், எங்கள் வயதுக்காரர்.

பொங்காலப்பாறையை அடைந்தபோது மணி 8.23. வெறும் பாறையும் புல்லும். தெர்மாமீட்டர் நிழலில் பத்து நிமிடம் தொங்காவிட்டால் அது காட்டுவது வெயிலின் சூடு, காற்றின் சூடு அல்ல. அங்கே நிழலே இல்லை. என் ஊன்றுகோலை ஒரு பிளவில் நட்டு தெர்மாமீட்டரை அதில் கட்டினேன். கணவர் அதற்குக் குடை பிடித்தார்.

வழிகாட்டி சிரித்தார். "கம்புக்குக் குடை பிடிக்கறது இப்பத்தான் சேச்சி காணறேன்." பிறகு கிழக்கே முகில் எழுவதைப் பார்த்தார். "மஞ்ஞு கேறி வருது. வாங்க, போகாம்."

"இன்னும் ரெண்டே நிமிஷம்" என்றேன்.

8.34க்குப் படித்தேன். 16.5. வீட்டு மாடியில் இதே நேரத்தில் 25க்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

கயிறு கட்டிய செங்குத்துப் பாறையின் அடியை 9.20க்கு அடைந்தோம். முன்னால் போனவர்களில் கடைசி ஆள் மேல்விளிம்பைத் தாண்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பையை இறக்குவதற்குள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முகில் பாறைமேல் வழிந்து இறங்கியது. கயிறு பாதிக்கு மேல் தெரியவில்லை. வழிகாட்டி பாறையைத் தடவி, ஈரக் கையை எங்களுக்குக் காட்டினார்.

"இனி வேண்டாம் சாரே."

"அவா போயிட்டாளே?"

"அவங்க உணங்கின கல்லில கேறினது. இது நனைஞ்சாச்சு."

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். முகில் விலகவில்லை. மழை ஒரு துளியும் இல்லை. ஆனால் குட்டை மரங்களின் பாசி நனைந்து, இலை நுனிகளிலிருந்து விடாமல் நீர் சொட்டியது. மழையில்லாத தை மாதத்தில் இந்தக் காடு இப்படித்தான் தண்ணீர் குடிக்கிறது போலும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. கணவர் கயிறு மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் உறுத்தியது.

இறங்கும்போது கேட்டேன்: "கோபமா?"

"கோபம் என்ன. மூணு வருஷம் காத்துண்டு, 16.5 பார்த்தாச்சு. ஆபீஸ்ல கேட்டா சொல்லிக்கலாம்."

வழிகாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான்.

மாலை முகாமில் கஞ்சியும் பயறும். வெளிச்சம் இருக்கும்போதே நோட்டை எடுத்தேன். 'உச்சி ஏறவில்லை. முகில்' என்று எழுதி நிறுத்தினேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் அல்ல. கீழே எழுதினேன்: 'பொங்காலப்பாறையில் என்னால் 11 நிமிடத் தாமதம்.'

கணவர் எட்டிப் பார்த்தார். "அந்தப் பதினொரு நிமிஷம் போறுமானதா இருந்திருக்குமா, ஏறறதுக்கு?"

"தெரியலை. கடைசி ஆள் விளிம்பைத் தாண்டறச்சே நாம அடியில நின்னோம். அந்தப் பாறை ஏற எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குக் கணக்கில்லை."

"அப்ப அதையும் எழுது. என்னாலன்னு மட்டும் எழுதாதே. குடையைக் கீழே போட்டுட்டு நான் நடந்திருக்கலாம். யாரு தடுத்தா?"

'என்னால்' என்பதை அடித்து 'எங்களால்' என்று திருத்தினேன். 'போதுமா என்று தெரியாது' என்றும் சேர்த்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு இரண்டாவது கிண்ணம் கஞ்சி வாங்கப் போனார்.

மறுநாள் எழுந்ததும் முதலில் இருவரும் வெளியே வந்து உச்சியைப் பார்த்தோம். ஒரு துணுக்கு முகில்கூட இல்லை. கயிறு இருக்கும் பாறை எது என்று அவர் விரலால் தேடினார். இதுவாக இருக்கும் என்று அவர் ஒன்றைக் காட்டினார், நான் வேறொன்றைக் காட்டினேன். வழிகாட்டி கீழே போகக் கூப்பிடும்வரை அங்கேயே நின்றிருந்தோம்.