மடி கட்டிக்கொண்டு ப்ரூஃப் பார்த்த வாரம்

யுத்தத்தில் சென்னையின் மேல் குண்டு விழும் என்று எல்லோரும் பயந்த வருஷம், எங்கள் அச்சகத்தின் முதலாளி இயந்திரங்களையும் எழுத்துப் பெட்டிகளையும் வண்டியேற்றிச் செங்கற்பட்டுக்கு அனுப்பிவிட்டார். பிறகு பயம் தெளிந்து, ஊரைக் காலி செய்து போனவர்கள் பாத்திரம் பண்டங்களோடு திரும்பி வந்தார்கள். அச்சகம் மட்டும் திரும்பவில்லை. அங்கே இடம் தாராளம், கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு என்று முதலாளிக்கு அந்த ஊர் பிடித்துப் போயிற்று.

நான் அங்கே ப்ரூஃப் திருத்துகிறவன். அச்சுக் கோத்ததும் ஒரு பிரதி எடுப்பார்கள். அதை ஆசிரியர் எழுதிக் கொடுத்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பிழைகளைக் குறிப்பது என் வேலை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படித்தது போதும். பொறுமை வேண்டும், பேசாமல் இருக்கத் தெரிய வேண்டும். இரண்டாவது எனக்கு வேண்டிய மட்டும் உண்டு. அச்சகத்தில் பதினோரு வருஷமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் மத்தியானச் சோறு சாப்பிட்டேன். யாராவது இன்றைக்கு என்ன கறி என்று கேட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்.

செங்கற்பட்டில் ஊழியர்கள் ஏழு பேரையும் முதலாளி ஒரே கூடத்தில் தங்க வைத்திருந்தார். எட்டாவதாக நானும் அங்கே வந்து படுத்துக்கொள்ள வேண்டும் என்றார். காலையில் எழுந்ததும் ஏழு முகத்தில் விழித்து ஏழு பேருக்கும் ஏதாவது சொல்ல வேண்டும். என் முகத்தைப் பார்த்து முதலாளி இரங்கினார்.

"சரி, ஆத்துலயே உட்கார்ந்து பாரும். ஆனா வாராவாரம் புதன்கிழமை மத்தியானம் பைண்டர் வந்து நிப்பார். அந்த வாரத்து அறுபத்து நாலு பக்கத்தையும் அவர் கையில கொடுத்தாகணும். ரெண்டு புதன் தவறினா, படுக்கையைச் சுருட்டிண்டு இங்க வந்துடும்."

நான் தலையை ஆட்டினேன். மயிலாப்பூரில் என் வீட்டில், என் அறையில், என் பாட்டுக்கு வேலை. இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் இருந்தது. ஐந்து குடித்தனம், ஒரு முற்றம், ஒரு கிணறு. எங்களுக்கு வாசல் பக்கத்து அறையும் ஒரு சமையலறையும். காலை ஒன்பதரைக்கு மற்ற குடித்தனங்களின் ஆண்கள் எல்லோரும் ஆபீசுக்குப் போய்விடுவார்கள். மிஞ்சுகிற ஆண்கள் இரண்டு பேர். ஒருவர் எதிர் அறையில் இருந்த ரிடயரான ஓவர்சியர். இன்னொருவன் நான்.

பகலில் வீட்டில் இருக்கிற ஆம்பிளை வேலை செய்கிறான் என்பதை அந்த வீட்டில் யாரும் நம்பத் தயாராக இல்லை. தரையில் டெஸ்க்கை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், ஒரே காகிதத்தை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவனைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? மாடியில் இருந்த மாமி எட்டிப் பார்த்து, "சும்மாதானே உட்கார்ந்திருக்கேள்? இந்தக் குழந்தையை ஒரு நிமிஷம் பார்த்துக்கோங்கோ, ரேஷன் கடையில வரிசை நகர்றதாம்" என்பாள். அந்த ஒரு நிமிஷம் பதினொன்றரைக்கு முடியும். அதற்குள் குழந்தை இரண்டு பக்கத்தைச் சாப்பிட்டிருக்கும். பிறகு மிளகாய்க்குக் காவல், தபால்காரருக்கு ஜவாப், ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது. ஓவர்சியர் பேப்பரோடு வந்து உட்கார்ந்து, ரஷ்யாவில் எந்தப் பட்டாளம் எந்த ஆற்றைத் தாண்டியது என்று என் டெஸ்க்கின் மேல் விரலால் படம் போட்டுக் காட்டுவார். மாட்டேன் என்ற சொல் என் வாயில் வராது. என் மனைவியோ என்னை வீடு முழுவதற்கும் பொதுவாக்கிவிட்டிருந்தாள். யார் எதைக் கேட்டாலும், "அவர் ஆத்துலதான் இருக்கார், சொல்றேன்" என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் அப்போது அச்சில் இருந்தது. முதல் புதன்கிழமையே தவறிவிட்டது. பதினெட்டுப் பக்கம் பாக்கி; அதைப் பிறகு தபாலில் அனுப்பிவிட்டு அடுத்த அறுபத்து நாலைத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை முதலாளியிடமிருந்து ஒரு கார்டு வந்தது: 'ஒரு புதன் போயிற்று. கூடத்தில் ஜன்னலோரமாக உமக்கு இடம் ஒழித்து வைத்திருக்கிறது.'

கார்டைப் படித்த என் மனைவி அதைக் காலண்டருக்குப் பின்னால் செருகினாள். பிறகு, "நாளைலேருந்து நீங்க மடியா இருங்கோளேன்" என்றாள்.

"எதுக்கு?"

"மடியா இருக்கிறவா கையில யார் குழந்தையைக் குடுப்பா?"

மடி என்றால், குளித்துவிட்டு, யார் கையும் படாமல் உலர்ந்த வேட்டியைக் கட்டிக்கொள்வது. அப்படிக் கட்டியிருப்பவரை மற்றவர்கள் தொடக் கூடாது. தொட்டால் மடி போய்விடும், மறுபடி குளிக்க வேண்டும். எனக்கு அதில் எந்த அக்கறையும் இருந்ததில்லை. திவசத்தன்று மட்டும் கட்டிக்கொள்வேன். ஆனாலும் அவளுடைய யோசனையைக் கேட்டதும், இவளை முதலாளி வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை ஈர வேட்டியை நானே உலர்த்தி, நானே எடுத்துக் கட்டிக்கொண்டு, நெற்றியில் பட்டையாக விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். மாடி மாமி குழந்தையோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"மடியா?"

தலையை ஆட்டினேன்.

"அடாடா, தெரியாம வந்துட்டேன்" என்று குழந்தையை இழுத்துக்கொண்டு போனாள். ஓவர்சியர் வந்தார், பார்த்தார், பேப்பரை மடக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அன்றைக்கு இருபத்து மூன்று பக்கம் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததே இல்லை. பிழைகள் தாமாகவே எழுந்து நின்று கையைத் தூக்கின.

ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் அப்படியே போயிற்று. மத்தியானம் மாடி மாமி மறுபடி வந்து படியில் நின்றாள். இந்தத் தடவை குழந்தை இல்லை.

"மடியாத்தானே இருக்கேள்? கிணத்துலேருந்து நாலு குடம் மடித் தண்ணி சேந்திக் குடுத்துடுங்கோ. எனக்கு முட்டி பிடிச்சிண்டுடுத்து. பகல்ல மடியா ஒரு மனுஷா கிடைக்கறதே துர்லபமா இருக்கு."

சேந்திக் கொடுத்தேன். அதைப் பின்கட்டு மாமி பார்த்தாள். அவளுக்குக் கொடியில் உயரத்தில் கிடந்த மடிப் புடவையைக் கோலால் எடுத்துத் தர ஆள் வேண்டியிருந்தது. இன்னொரு குடித்தனத்தில் மாவடுச் சாடியைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. மொட்டை மாடியில் மடி வடாம் காய்ந்துகொண்டிருந்தது. சாதாரண மனிதனாக இருந்தபோது சாதாரண வேலைகள்தான் வந்தன. இப்போது ஐந்து குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மடி ஆம்பிளை நான். திங்கட்கிழமை ஏழு பக்கம்தான் முடிந்தது.

"உன் யோசனைதான்" என்றேன் மனைவியிடம்.

"என்னை என்ன சொல்றேள்? உங்களைத் தண்ணி சேந்தச் சொன்னேனா?" என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமை ஓவர்சியரின் தகப்பனாருக்குத் திவசம். சாப்பிட உட்கார வேண்டிய இரண்டு பேரில் ஒருவருக்கு ஜுரம் வந்துவிட்டது. ஓவர்சியர் என் வாசலில் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஓய், மறுக்கப்படாது. தெய்வமாப் பார்த்து உம்மை மடியா உட்கார்த்தி வச்சிருக்கு."

தெய்வம் என்று சொன்னபிறகு நான் எங்கே மறுப்பது. ஒரு மணிக்கு இலை போட்டார்கள். திவசச் சாப்பாட்டில் வேண்டாம் என்று கையை மறிப்பது மரியாதை இல்லை. வடை, அதிரசம், எள்ளுருண்டை, பாயசம், மறுபடி வடை. ஓவர்சியர் கண்ணில் நீரோடு எதிரில் நின்று, "திருப்தியா, திருப்தியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்கு அறைக்குத் திரும்பி, அந்த வாரத்துக் கட்டில் நாற்பத்தைந்தாம் பக்கத்தை எடுத்துவைத்தேன். ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்பும் கணக்கு. முதல் குழாயைத் திறந்தது நினைவு இருக்கிறது. கண்விழித்தபோது விளக்கேற்றியாயிற்று. விளக்குக்குக் கறுப்புக் காகிதம் சுற்றியிருந்த காலம் அது. அந்த வெளிச்சத்தில் பொடி எழுத்துத் தெரியாது.

புதன்கிழமை பொழுது விடிந்ததும் உட்கார்ந்தேன். மாவடுவும் தண்ணீரும் போக, பன்னிரண்டு மணிக்குப் பதினாறு பக்கம் பாக்கி நின்றது. தனியாகப் பார்த்தால் ஐந்து மணி நேர வேலை. அப்போது வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. அச்சகத்தில் புத்தகம் கட்டுகிற பைண்டர் சாயபு.

அவர் ராயப்பேட்டைக்காரர். வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து திரும்பும்போது என்னிடம் ப்ரூஃபை வாங்கிக்கொண்டு மாம்பலத்தில் ரயிலேறுவார். அச்சகத்தில் என்னைப் பேச வைக்க முயற்சி செய்யாத ஒரே மனிதர் அவர்தான். அதனாலேயே அவரிடம் மட்டும் நான் பேசுவேன். அவர் என் விபூதியையும் வேட்டியையும் பார்த்துவிட்டுப் படிக்குக் கீழேயே நின்றார்.

"இன்னா சாமி, புதுசா கீது?"

சொன்னேன். குழந்தையிலிருந்து பாயசம் வரைக்கும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மீசையை மட்டும் இரண்டு தரம் தடவினார்.

"எத்தினி பக்கம் பாக்கி?"

"பதினாறு."

"நாலு மணிக்கு வண்டி. மூணு மணி நேரம் கீது. நான் கையெழுத்தைப் படிக்கிறேன், நீ அச்சைப் பாத்துக்கினே வா. ரெண்டு ஆளா பண்ணா ஆயிடும். நான் இங்கியே குந்திக்கிறேன், அந்தம்மா மேலேருந்து பாக்குது."

மாடி மாமி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் படியில் உட்கார்ந்தால் அங்கிருந்து ஒரு வரிகூட எனக்குக் கேட்காது. முற்றத்தில் உரலில் இடித்துக்கொண்டிருந்தார்கள். காகிதம் வேறு கைக்குக் கை மாற வேண்டும். அதெல்லாம் ஒரு பக்கம். பதினோரு வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த மனிதரைக் குழந்தைக்குப் பயந்து கட்டிய வேட்டிக்காகப் படியில் உட்கார வைப்பது எனக்கே நன்றாக இல்லை. இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, பாயில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"மடி போச்சே" என்றாள் மாமி மேலிருந்து. "எனக்கு இன்னும் ரெண்டு குடம் பாக்கி இருக்கே."

"போகட்டும் மாமி" என்றேன். அவளிடம் நானாக வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சாயபு கணீரென்று படிக்க ஆரம்பித்தார். அவருடைய ழகரம் என்னுடையதைவிடச் சுத்தம். நிறுத்தக் குறிகளையும் விடாமல் சொல்ல வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். "பத்து ஆட்கள் கமா ஒரு சுவரை கமா ஆறு நாளில் கட்டினால் கமா பதினைந்து ஆட்கள் அதை எத்தனை நாளில் கட்டுவார்கள் கேள்விக்குறி." நானும் அச்சில் உள்ளதைத் திருப்பிச் சத்தமாகச் சொன்னேன். உரல் நின்றது. எதிர் அறையிலிருந்து ஓவர்சியர் குரல் வந்தது.

"நாலு நாள். ஆனா பத்து ஆள் ஆறு நாள்ல சுவர் கட்டி நான் பார்த்ததே இல்லை. மேஸ்திரி யாரு?"

"புஸ்தகத்துல மேஸ்திரி இல்லீங்க" என்றார் சாயபு.

"அதான் கட்டிட்டான்."

பிறகு ஓவர்சியர் வாசலுக்கு வந்து நின்றுகொண்டார். ஒவ்வொரு கணக்குக்கும் விடை சொன்னார். நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு விடையை ஆசிரியரே தப்பாக எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தார். தனியாக இருந்தால் நான் அதைத் தப்பாகவே சரி பார்த்து அனுப்பியிருப்பேன். இரண்டே முக்காலுக்குக் கடைசிப் பக்கம் முடிந்தது. சாயபு காகிதக் கட்டைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்.

"முதலாளியாண்ட இன்னா சொல்ல?"

"முடிஞ்சுதுன்னு சொல்லுங்கோ."

அவர் போன பிறகுதான் கவனித்தேன். மூன்று மணி நேரமாக யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. மாடி மாமி என் மனைவியிடம் மெதுவான குரலில், "பாவம்டி, உங்காத்துக்காரருக்கு எவ்வளவு வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாகச் செய்த அதே வேலைதான். சத்தம் இல்லாததால் யாருக்கும் அது வேலையாகத் தெரியவில்லை.

மறுநாள் மடி கட்டவில்லை. டெஸ்க்கின் முன் உட்கார்ந்து, தனியாகவே, கமாவும் முற்றுப்புள்ளியுமாக வாய்விட்டுப் படித்தேன். முதல் பக்கத்துக்குக் காது மடல் சூடேறியது. பிறகு பழகிவிட்டது. அறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. செங்கற்பட்டுக்கு நான் போகவேயில்லை. ஜன்னலோர இடத்துக்குப் புதிதாக வந்த கம்பாசிட்டரைப் போட்டார்கள் என்று சாயபு சொன்னார்.

ஒரே கஷ்டம், நிறுத்த முடியாது. தொண்டை வறண்டு சற்று மௌனமாகப் படித்தால் போதும், மாடியிலிருந்து குரல் வரும்: "வேலை முடிஞ்சுடுத்தா? அப்போ இந்தக் குழந்தையை ஒரு நிமிஷம்." ஆகவே அதன் பிறகு அந்த வேலையில் இருந்த மூன்று வருஷமும், ஆபீசிலேயே வாய் திறக்காத நான், என் வீட்டில் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை கத்திக்கொண்டே இருந்தேன்.