ஜுஜுட்சு கேட்டால் சூசை

எட்ட நின்றால் கராத்தேயில் நான் புலி. நேற்று வகுப்பில் ஒருவன் கிட்டே வந்து கட்டிப்பிடித்ததும் உப்பு மூட்டையாகிவிட்டேன்.

"பிடி போடுததுக்கு ஜப்பான்காரன் பழைய வித்தை ஒண்ணு இருக்கு, ஜுஜுட்சு. அதையும் சேத்துப் படிலே" என்றார் மாஸ்டர். எங்கே படிப்பது என்று அவருக்கும் தெரியாது.

புதுத் துறைமுகத்துக்கு ஜப்பான் கப்பல் வருகிறதே, யாராவது கற்றிருப்பார்கள் என்று இன்று அதன் வாசல் டீக்கடையில் விசாரித்தேன்.

"இங்கன ஜுஜுட்சு யாருக்கு அண்ணாச்சி தெரியும்?"

"சூசையவா? அவரத் தெரியாத ஆளு உண்டா? மாதா கோயிலுக்குப் பின்னால வீடு. ஒருத்தனப் பிடிச்சாருன்னா விடமாட்டாரு."

ஜுஜுட்சு நம் ஊர் வாயில் சூசையாகிவிட்டது என்று நினைத்து ஓடினேன்.

கதவைத் திறந்த பெரியவரிடம், "கராத்தே தெரியும். பிடி கத்துக்க வந்திருக்கேன்" என்றேன்.

என் மணிக்கட்டைப் பற்றி உள்ளே இழுத்தார். கற்ற எந்த வித்தையாலும் அந்தக் கையை உதற முடியவில்லை.

"ஆண்டவரே அனுப்பிருக்காரு! பாஸ்கா நாடகத்துக்குச் சேவகன் வேஷம் போட ஆளில்லாம அலையுதேன். ஏசுவப் பிடிச்சுக் கெட்டணும், அம்புட்டுதான்."

"நாங்க திருச்செந்தூர் முருகனக் கும்பிடுத குடும்பம், ஐயா."

"ரோமாபுரிச் சேவகன் மட்டும் ஞானஸ்நானம் வாங்குன வேதக்காரனாடே?"

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை.

ஜூடோவும் நல்ல வித்தைதான் என்கிறார்கள். விசாரிக்கத்தான் பயமாக இருக்கிறது. யூதாஸ் வேஷத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம்.